மூன்று முறை உறையாத பால்

எங்கள் பக்கத்தில் பால் திரிந்துபோனால் அது சின்ன விஷயம் அல்ல. அடுப்பை எட்டிப் பார்த்து "திரிஞ்சுட்டு" என்று ஒருவர் சொன்னதும், எந்த வீட்டுப் பால், எத்தனை மணிக்குக் கறந்தது, கேனைக் கழுவினார்களா இல்லையா என்று விசாரணை தொடங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருவுக்குத் தெரு பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிண்டுகிறார்கள். அங்கே பால் திரிந்தால் அன்றைக்கு வேலையே போச்சு. இப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்தில் பிறந்து, பாலை வேண்டுமென்றே கட்டியாக்கி, தண்ணீரைப் பிரித்து எடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டவன் நான். சீஸ் போடுகிறேன்.

வன்னியம்பட்டிப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. எங்கள் இரண்டு மாடுகளின் பாலோடு அக்கம்பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பாலையும் சேர்த்து, மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன் தொங்க, அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏழு டீக்கடைகளுக்கு ஊற்றுகிறார். ஏழு இடத்தில் இறங்கி, ஏழு முறை கேனைத் தூக்கி, இடது முழங்கால் எப்போதும் வீங்கியே இருக்கும். நான் ராஜபாளையத்தில் உயிர்வேதியியல் படித்தேன். அதன் பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சீஸ் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே கற்றுக்கொண்டதை வைத்து ராஜபாளையத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தேன். ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு வெப்பமானி, பழையதாக வாங்கிய குளிர்பெட்டி ஒன்று. இவ்வளவுதான் என் தொழிற்சாலை.

கணக்கு எளிமையானது. என் அறை ஓடினால் அப்பா கொண்டுவரும் பால் முழுவதையும் நானே எடுத்துக்கொள்வேன். அவர் ஏழு கடை ஏறி இறங்க வேண்டாம். ஒரே இடத்தில் கேனை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அறை ஓடுவதற்கு வாங்கும் ஆள் வேண்டும். ராஜபாளையத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, இரண்டாவது கடை திறக்கப்போவதாகவும் அங்கே பீட்ஸா போடப்போவதாகவும் சொன்னார். "தம்பி, மூணு தடவ எனக்குக் கொண்டாந்து காட்டு. மூணும் நல்லா உருகுச்சுன்னா, பொறவு உங்கிட்டத்தான் வாங்குவேன். ஒரு தடவ நல்லாருந்து மறு தடவ இல்லன்னா எனக்குத் தேவையில்ல" என்றார். நியாயமான பேச்சு.

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. போனில் எதையோ பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்தச் சீஸுக்கு கன்னுக்குட்டி வயித்துலேருந்து எதையோ எடுத்து ஊத்துவாங்களாமே? எங்கடைக்கு சைவம் சாப்பிடுதவங்க நெறைய வாராங்க."

பொய் இல்லை என்று சொன்னேன். பால் குடிக்கும் கன்றின் வயிற்றில் ஒரு நொதி இருக்கிறது. குடித்த பால் தண்ணீராக ஓடிவிடாமல் அதைக் கட்டியாக்கி, வயிற்றில் செத்த நேரம் தங்க வைப்பதுதான் அதன் வேலை. அந்தக் காலத்தில் அதைத்தான் எடுத்தார்கள். இப்போது அதே வேலையைச் செய்யும் நொதியை ஒரு வகைப் பூஞ்சணத்தை வளர்த்து எடுக்கிறார்கள். ரொட்டியில் பூக்குமே, அந்தச் சாதி. நான் வாங்குவது அதுதான், பாட்டிலிலேயே சைவம் என்று பச்சைப் புள்ளி போட்டிருக்கும் என்றேன்.

"பூசணமா?" என்றார் அண்ணாச்சி. முகம் இன்னும் சுருங்கியது. "அத வெளிய சொல்லாத. கன்னுக்குட்டியே தேவலாம்னுருவான்."

இந்த நொதிகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. புரதத்தை வெட்டுபவை இவை. ஆனால் புளிப்பு இருந்தால்தான் கை ஓடும். நம் வயிற்றில் இருக்கும் பெப்சினும் இந்த வகைதான். கல்லூரியில் முதல் வருடம் செய்த சோதனை நன்றாக நினைவிருக்கிறது. வேகவைத்த முட்டை வெள்ளைக்கருவைத் துருவி இரண்டு குழாய்களில் போட்டோம். இரண்டிலும் பெப்சின். ஒன்றில் மட்டும் சில சொட்டு அமிலம். அமிலம் விட்ட குழாய் கொஞ்ச நேரத்தில் தெளிந்து கண்ணாடி மாதிரி ஆனது. மற்றது கலங்கியபடியே நின்றது. செரிமானத்துக்கென்று கொடுக்கும் சில டானிக்குகளில் இது இருக்கிறது. கோழித் தீவனத்தில் இதன் உறவுக்கார நொதிகளைக் கலக்கிறார்கள், சோயாவைப் புளிக்கவைத்துச் சாஸ் இறக்கும் இடத்திலும் இவைதான் வேலை செய்கின்றன. அமிலம் குறையக் குறைய நொதியின் வேகம் எப்படிச் சரிகிறது என்று வளைகோடு வரையச் சொல்லித் தேர்வில் கேட்டார்கள். வரைந்தேன். முழு மதிப்பெண் வாங்கினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைப் படித்தால் தெரியும்.

முதல் தடவைக்கு அப்பாவின் பால் நாற்பது லிட்டர் வந்தது. டீக்கடைகளை முடித்துவிட்டு, எனக்கென்று தனியாக வைத்திருந்த கேனோடு எட்டரை மணிக்கு ராஜபாளையம் வந்து சேர்ந்தார். பாலைச் சூடாக்கி, ஆறவைத்து, உறை சேர்த்து, பிறகு நொதியை ஊற்றினேன். முக்கால் மணி நேரத்தில் பால் அல்வாத் துண்டு மாதிரி நிற்க வேண்டும். கத்தியை விட்டுத் தூக்கினால் சுத்தமாகப் பிளக்க வேண்டும். பிளக்கவில்லை. கத்தியோடு ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று வந்தது. இன்னும் அரை மணி நேரம் காத்திருந்து, அதையே வடிகட்டி, கிடைத்ததைத் திரட்டினேன். பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விட்டது. அண்ணாச்சியிடம் காட்டவில்லை.

இரண்டாம் தடவை நொதியை இரண்டு மடங்கு ஊற்றினேன். அவசரத்தில் செய்கிற வேலை. ஓரளவு உறைந்தது. சீஸும் வந்தது. அதை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். ஒரு துண்டை வாயில் போட்டவர், மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"கசக்குதே தம்பி."

"கொஞ்சம் நாள் வச்சா..."

"நாள் வச்சா எப்படி இனிக்கும்? வேப்பங்கொழுந்தா, நாளாக ஆகக் கசப்பு போறதுக்கு?" கல்லாவில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் தெரியும். நொதி அதிகமானால் பாலை உறையவைத்ததோடு நிற்காது. உள்ளே உட்கார்ந்து புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் துண்டுகள்தான் கசக்கும்.

நொதிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். மதுரையில் அதை விற்கும் ஆளுக்குப் போன் போட்டேன். வெயிலில் வைத்துவிட்டீர்கள், செத்த சரக்கை எனக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையான மனிதர். "நாங்க ஐஸ் பெட்டியிலதான் தம்பி வைக்கோம். சரி, வேற பாட்டில் பஸ்ல போட்டு விடுதேன். காசு வேண்டாம்" என்றார். மறுநாளே வந்தது. புது பாட்டில், புது தேதி.

மூன்றாம் தடவை பால் அசையவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டியை விட்டேன். பால் பாலாகவே ஊற்றியது.

அண்ணாச்சியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பால மாத்திப் பாரு தம்பி. தளவாய்புரம் பக்கம் நமக்குத் தெரிஞ்சவங்க பண்ணை வச்சிருக்காங்க. முப்பது மாடு நிக்கி. நான் சொன்னாப் போதும், நேரா உன் ரூமுக்கு வந்து ஊத்திட்டுப் போயிருவாங்க. பத்து வீட்டுப் பால ஒண்ணாக் கொட்டுனா எது என்னன்னு யாருக்குத் தெரியும்? அப்பா கோவிச்சுக்கிட மாட்டாருல்ல?" சனிக்கிழமை வரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் ஒழுங்கான சீஸ் வந்தால் அப்பாவின் பாலிலேயே ஓடட்டும், இல்லையென்றால் பண்ணைப் பால் என்றார்.

பண்ணைப் பால் வந்தால் அறை ஓடும். அப்பாவின் முழங்காலுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் ஏழு கடை ஏறி இறங்க வேண்டியதுதான்.

அன்று மத்தியானம் அறையில் தரையில் உட்கார்ந்து மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்தேன். ஒன்றில் பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கிய பாக்கெட் பால். இரண்டாவதில், நொதி ஊற்றுவதற்கு முன்பே எடுத்துவைத்திருந்த அப்பாவின் பால். மூன்றாவதிலும் அப்பாவின் பால்தான், ஆனால் அதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுக் கலக்கினேன். திரியாத அளவுக்கு, சொட்டு சொட்டாக. மூன்றையும் வெந்நீர்ச் சட்டியில் இறக்கி, ஒரே அளவு நொதியை விட்டேன். போனில் நேரம் வைத்துக்கொண்டேன்.

பாக்கெட் பால் உறைந்தது. எலுமிச்சை விட்ட பாலும் உறைந்தது, டம்ளரைச் சாய்த்தாலும் நகரவில்லை. நடுவில் இருந்த டம்ளர் அப்படியே இருந்தது. புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளைக் கிழித்து ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தேன். நடு டம்ளரில் நனைத்த தாள் பச்சை ஓடியது. கறந்த பாலில் இயல்பாகவே இருக்கும் லேசான புளிப்புகூட அதில் இல்லை. யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

இதை ஏன் முதல் நாளே பார்க்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மூன்று தடவையும் பாலைச் சோதித்துத்தான் வாங்கினேன். கரண்டியில் எடுத்துக் காய்ச்சி, திரிகிறதா என்று பார்த்தேன். திரியவில்லை. நல்ல பால் என்று ஊற்றிக்கொண்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் பால் புழங்கும் எல்லோரும் புளித்துவிட்டதா என்றுதான் பார்ப்போம். கொஞ்சம்கூடப் புளிக்காமல் இருக்கிறதே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. அதை நல்ல குணமாகத்தான் எடுத்துக்கொள்வோம். தேர்வில் வளைகோடு வரைந்த நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

சோடா உப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆப்பத்துக்குப் போடும் அதே உப்பு. வெயில் காலத்தில் பால் புளிக்கத் தொடங்கினால் அந்தப் புளிப்பை இது அமுக்கிவிடும். பால் திரியாது. ஆனால் பாலில் அதைக் கலப்பது தப்பு, சட்டப்படியும் தப்பு. பத்து வீட்டில் எந்த வீடோ இந்த வேலையைச் செய்கிறது என்று நினைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஊருக்குப் போனேன். அப்பா கடைகளை முடித்து வந்து கம்பங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பா, எந்த வீடோ பால்ல சோடா உப்பு போட்டுக் குடுக்காங்க. அதனாலதான் உறைய மாட்டேங்கு. நாளைக்கு ஒவ்வொரு வீட்டுப் பாலயும் தனித்தனியா எடுத்து வாங்க. இந்தத் தாள்ல நனைச்சா யாருன்னு தெரிஞ்சிரும்."

அப்பா கஞ்சியைக் குடித்து முடித்தார். சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தார்.

"எந்த வீட்டுப் பாலயும் எடுக்க வேண்டாம்" என்றார். "நாந்தான் போடுதேன்."

நீட்டியிருந்த தாளைக் கீழே இறக்கினேன்.

"முத முதல்ல பால் ஊத்தப் போகும்போதே போடுதேன்லே. பங்குனி, சித்திர வெயில்ல போடாம எப்படிப் போவ? கேனுக்கு ரெண்டு சிட்டிக. எல்லாரும் போடுததுதான். எம் பாலு திரிஞ்சுதுன்னு எந்தக் கடைக்காரனாவது ஒரு வார்த்த சொல்லிருக்கானா, கேட்டுப் பாரு."

"எனக்கு வந்த பால்ல ரெண்டு சிட்டிகை மாதிரித் தெரியலையே!"

அம்மா தவிட்டுக் கையோடு நிமிர்ந்தாள். "நாந்தான் கூடப் போடச் சொன்னேன். ஒனக்கு ராசபாளையம் வரைக்கும் போகணும், கடைசியாப் போய்ச் சேருத பாலு. அம்புட்டுத் தொலவு வெயில்ல போயி புள்ளைக்குக் கெட்டுப்போச்சுன்னா? மொத நாளு உறையலன்னு நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தியா, பாலு லேசாக் கெட்டிருக்கும் போலன்னு அடுத்த தடவ ஒரு கரண்டி போடச் சொன்னேன். அதுக்கு அடுத்த தடவ ரெண்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நான் நொதியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். அவர்கள் அதற்கு எதிராக உப்பைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இருவரும் நல்லதுக்குத்தான் செய்தோம்.

"புளிப்பு வேணும்மா அதுக்கு. புளிப்பு இல்லன்னா அந்த மருந்து வேலை செய்யாது."

"பாலுக்குப் புளிப்பு வேணும்னு இன்னிக்குத்தான் கேக்கேன்" என்றாள் அம்மா. "இத மொதல்லயே சொல்லிருக்க வேண்டியதுதானலே? காலேசுல படிச்சவன் நீயா, நானா?"

அம்மா கேட்டது சரிதான். அவர்களிடம் நான் என்ன செய்கிறேன் என்று ஒரு நாளும் விளக்கிச் சொன்னதில்லை. சீஸ் போடுகிறேன், மருந்து ஊற்றுகிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மேலே சொன்னால் புரியாது என்று நினைத்தேன் என்பதுதான் உண்மை.

அப்பா எழுந்து சட்டியைக் கழுவி வைத்தார். பிறகு, "போடாமக் கொண்டாந்தா, நீ எடுக்கதுக்குள்ள கெட்டுரும்லே" என்றார். வம்புக்குச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். எட்டரை மணி வரை அந்தக் கேன் வெயிலில் மொபெட்டில் தொங்குகிறது. காலையில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நண்பனின் பைக்கைக் கேட்டு வாங்கலாம். கறந்ததும் ஆறவிடாமல் ஏழு மணிக்குள் என் அறைக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை அப்படியே செய்தேன். அப்பா கடைகளை முடித்துவிட்டு, கேனில்லாமல், அறைக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் கேனை வாசலில் இறக்கிவிட்டுப் போவதோடு சரி, உள்ளே வந்து பார்த்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். நொதி ஊற்றி அரை மணி நேரம் ஆகியிருந்தது. கத்தியை விட்டு மெதுவாகத் தூக்கினேன். பால் சுத்தமாக இரண்டாகப் பிளந்தது. பிளந்த இடத்தில் தெளிந்த தண்ணீர் ஊறியது. குறுக்கும் நெடுக்கும் வெட்டினேன். அப்பா ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அழுத்தினார். வாயில் போட்டார்.

"உப்பே இல்ல" என்றார்.

"பொறவுதான் போடணும்ப்பா."

சனிக்கிழமை அண்ணாச்சி அதை ஒரு ரொட்டியில் துருவிப் போட்டு அடுப்பில் வைத்தார். உருகியது. இழுத்தால் நூலாக வந்தது. "இப்பக் கசக்கல" என்றார். "இன்னும் ரெண்டு தடவ கொண்டா. பண்ணைக்காரங்ககிட்ட நான் ஒண்ணும் பேசல." அங்கிருந்தே மதுரைக்காரருக்குப் போன் போட்டேன். உங்கள் சரக்கில் தப்பு இல்லை, எங்கள் பாலில்தான் தப்பு, அன்று கத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், இரண்டாவது பாட்டிலுக்கும் காசு அனுப்புகிறேன் என்றேன். "சோடாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாலு பேருல ஒருத்தரு இப்படித் திரும்பப் போன் போட்டுச் சொல்லுதாங்க தம்பி. மத்தவங்க சொல்லுததில்ல" என்றார்.

ஆனால் அது முடிவு அல்ல. நாற்பது லிட்டர்தான் இப்போதைக்கு என் அறைக்கு வேண்டும். மீதிப் பால் இன்னும் டீக்கடைகளுக்குத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பாவே கேட்டார்.

"உனக்குப் போடக் கூடாது, சரி. கடைகளுக்கு?"

"அவியளுக்கும் கூடாதுப்பா. உறையதுக்காக மட்டும் நான் சொல்லல."

கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். எண்களைத் தேடி எடுப்பது எப்போதும் நான்தான். "மொத கடைக்குப் போடு" என்றார்.

முதல் கடைக்காரரிடம், நாளையிலிருந்து பால் அரை மணி நேரம் முன்னாடியே வரும், வந்ததும் காய்ச்சிவிடுங்கள், மத்தியானம் வரை பச்சையாக வைக்காதீர்கள் என்றார். அவர் சரி என்றுவிட்டார். இரண்டாவது கடைக்காரரும் அப்படியே. மூன்றாவது கடைக்காரர் விடவில்லை. ஏன், புதுசாக என்ன, இத்தனை வருடம் இல்லாத அவசரம் எதற்கு என்று கேட்பது எனக்கே கேட்டது. அப்பா ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, இத்தன நாளும் சோடா உப்பு போட்டுக் கொண்டாந்தேன்" என்றார் அப்பா. "இனிமே போடல. அதான்."

எதிர்ப்பக்கம் பேச்சு நீண்டது. என்ன சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. அப்பா போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு, முழுவதையும் கேட்டார். "சரி அண்ணாச்சி" என்றார். இரண்டு முறை சொன்னார். "எங் கேன் ஒண்ணு அங்க கெடக்கு. நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன்."

அம்மா அடுப்படியிலிருந்து, "என்னவாம்?" என்றாள்.

"நாளையிலேருந்து வேண்டாமாம்."

மீதி நான்கு கடைகளுக்கும் இன்றைக்கே சொல்ல வேண்டுமா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அப்பா போனை மறுபடியும் என் பக்கம் நீட்டிவிட்டார்.

"அடுத்த கடைக்குப் போட்டுக் குடு" என்றார்.